பிறாண்டும் பூனையும் மார்க்கச் சட்டமும்

வீட்டில் வளர்க்கும் பூனை மகளின் கையைப் பிறாண்டி இரத்தம் வந்துவிட்டது. ஒளு முறியுமா, அந்தப் பூனையைச் சாக்கில் கட்டி ரயிலடியில் விட்டுவரலாமா என்று மொரப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இரண்டாவதைக் கேட்காமலே காரியத்தை முடித்துவிடும் வீடுகள்தாம் அதிகம். கேட்டாரே, அதுவே நல்லது.

முதலில் ஒளு. ஹனபி மத்ஹபில் இரத்தம் காயத்தை விட்டு வழிந்தால் ஒளு முறியும். கீறலில் துளிர்த்து அங்கேயே நின்றுவிட்டால் முறியாது. ஷாபிஈ மத்ஹபில் வழிந்தாலும் முறியாது. பட்ட இரத்தத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும், சொற்பம் மன்னிக்கப்படும். தண்ணீர் படக்கூடாதென்று மருத்துவர் கட்டுப் போட்டிருந்தால் அதன்மேல் ஈரக்கையால் மஸஹு செய்வது போதும். ஷாபிஈகள் அத்துடன் தயம்மும் செய்வர்.

பூனை வாய் வைத்த தண்ணீர் பற்றி நபிமொழியே இருக்கிறது. ஹஜ்ரத் அபூகதாதா (ரலி) அவர்கள் ஒளுச் செய்ய வைத்த நீரைப் பூனை குடிக்க வந்தபோது, பாத்திரத்தை அதற்குச் சாய்த்துக் கொடுத்தார்கள். பார்த்து வியந்த மருமகள் கப்ஷா அவர்களிடம், பூனை நஜீஸ் அல்ல, உங்களைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ போன்ற கிதாபுகளில் இது வருகிறது. ஷாபிஈகளுக்கு அந்நீர் தூய்மையானது; ஹனபிகள் வேறு நீர் இருக்கையில் அதை இலேசான மக்ரூஹ் என்பர்.

இங்கேதான் நம் வீடுகளில் ஒரு குழப்பம். "பூனை சுத்தமான பிராணிதானே" என்று கீறலைக் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். ஒளுவுக்குரிய சுத்தம் வேறு, நோயின்மை வேறு. வெறிநாய் கடித்த பூனைக்கும் வெறிநோய் வரும். அதன் எச்சில் பட்ட நகமும் நோயைத் தரக்கூடும். அறிகுறி தோன்றிய பின் அந்நோயிலிருந்து பிழைத்தவர் மிக அரிது.

ஆகவே கீறியதும் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். ஓதி ஊதுவதைத் தடுக்கவில்லை. ஆனால் ஓதிய தண்ணீரோடு நின்றுவிடாமல் அன்றே அரூர் அல்லது தர்மபுரி அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரத்தம் வராத கீறலுக்கும் தடுப்பூசி உண்டு. இரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் மருந்தும் சேரும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் பயமுறுத்துவார்கள். அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு நம் நாட்டில் 2004இல் நின்றுவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளில் முதல் நாளும், பின் 3, 7, 28ஆம் நாட்களிலும் தோலில் இலவசமாகப் போடுகிறார்கள். பூனையைப் பத்து நாள் கவனித்து வர வேண்டியதுதான். அதற்காக ஊசியைத் தள்ளிப் போடக்கூடாது. வேறொரு கிருமியால், சில வாரம் கழித்து அக்குளில் நெறி கட்டிக் காய்ச்சல் வருவதும் உண்டு. அப்போது பூனை கீறியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இனிச் சாக்கு விஷயம். பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் வேதனை செய்யப்பட்டதாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் ஹதீஸ் உண்டு. வீட்டுச் சோற்றில் வளர்ந்ததைத் தண்டவாளத்தோரம் அவிழ்த்துவிடுவது இதற்கு எவ்வளவு தூரம்? பசியாலும் தாகத்தாலும் வாடும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும்.

அடிப்பதும் கூடாது. தொல்லை தரும் பூனையாயினும் அடிக்கவோ காதை முறுக்கவோ கூடாதென ஃபதாவா ஆலம்கீரி சொல்கிறது. தீங்கு தரும் பூனையானால்தான் வதையின்றி உயிர்நீக்குவது பற்றி அங்கே பேச்சு வருகிறது. ஒரு கீறல் அதில் சேராது. அடிபட்ட பூனை இன்னும் அதிகமாகப் பிறாண்டும் என்பதும் அனுபவம்.

பூனை காரணமின்றிப் பிறாண்டுவதில்லை. வயிற்றைத் தடவினாலோ, தூங்குகையில் தூக்கினாலோ, குட்டி போட்ட வேளையில் நெருங்கினாலோ நகம் நீளும். வாலைச் சுழற்றி அடித்து, காதைப் பின்னுக்குச் சாய்த்தால் கையை எடுத்துவிட வேண்டும். குட்டியாயிருக்கும்போது விரலை ஆட்டி விளையாட்டுக் காட்டுவதுதான் பெரும்பாலும் இந்தப் பழக்கத்துக்கு வித்து. கயிறோ துணிப்பந்தோ காட்டட்டும். சாக்கைச் சுற்றிய கட்டை ஒன்றை மூலையில் நிறுத்தினால் நகத்தை அதில் தீட்டிக்கொள்ளும். (சாக்குக்கு இதுதான் சரியான உபயோகம்!) கால்நடை மருத்துவமனையில் பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிட வேண்டும்.

அண்டை வீட்டுக் கோழிக்குஞ்சைத் தின்னும் பழக்கமுள்ள பூனையானால், பகலோ இரவோ, நஷ்டத்துக்கு உரியவரே பொறுப்பு என்று இமாம் நவவீ (ரஹ்) மின்ஹாஜில் எழுதுகிறார்கள். இது ஷாபிஈ சட்டம். ஹனபிகள் இதில் வேறுபடுவர். எந்த மத்ஹபினராயினும், பூனையைப் பிறருக்குக் கொடுப்பதானால் அது பிறாண்டும் என்பதையும் சொல்லியே கொடுக்க வேண்டும்.