‘ஷன்’ என்று முடியும் சொற்கள்

1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்கள் சிலர் கட்சாலில் குடியேறினார்கள். ரப்பர் தோட்டங்களில் உழைத்தார்கள். இங்கே அலுவலகப் பலகைகளில் இந்தியும் ஆங்கிலமும் இருக்கும். ஆங்கிலத்தைப் படிக்க ஒரு வழி பார்ப்போம்.

டி, ஐ, ஓ, என். இந்த நான்கு ஆங்கில எழுத்துகளும் சொல்லின் கடைசியில் சேர்ந்து வரும். அவற்றைப் பெரும்பாலும் ‘ஷன்’ என்று படிக்க வேண்டும்.

ரேஷன் – பங்கீட்டுப் பொருள்
அப்ளிகேஷன் – விண்ணப்பம்
இன்ஜெக்‌ஷன் – ஊசி மருந்து
காஷன் – எச்சரிக்கை
எவாக்குவேஷன் – ஆபத்தான இடத்தை விட்டு வெளியேறுதல்

கடைசிச் சொல் உயிர் காக்கும் சொல். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கட்சாலைத் தாக்கியது. பலர் இறந்தார்கள். பலகையில் இச்சொல்லும் அம்புக்குறியும் இருந்தால் அந்த வழியைத் தெரிந்து வையுங்கள். நிலம் பலமாக அதிர்ந்தால் பலகையைத் தேடாதீர்கள். உடனே மேட்டுக்கு ஓடுங்கள்.

பயிற்சி: உங்கள் ரேஷன் அட்டையில் ‘ஷன்’ எங்கே இருக்கிறது? தேடி எழுதுங்கள்.