முன்னாள் படைவீரரின் மருத்துவ நலம்: எல்லைப்புற மலைப் பகுதிகளின் தேவை

படையில் பணியாற்றுவோரின் உடல்நலம் பேணுதல் அரசின் கடமை என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கோட்பாடாகும். டாக்டர் பி. சி. ராய் தலைமையில் 1947 இல் அமைந்த குழுவின் பரிந்துரைக்கிணங்க, முப்படைகளின் மருத்துவப் பிரிவுகளும் ஒரே தலைமையின் கீழ் ஒருங்கிணைக்கப்பட்டன. புணேயில் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி 1948 இல் நிறுவப்பட்டது. வெலிங்டன், கொச்சி, திருவனந்தபுரம் முதலிய இடங்களிலுள்ள படை மருத்துவமனைகள் இவ்வமைப்பைச் சேர்ந்தவையே.

ஆயினும், இம்மருத்துவமனைகள் முதன்மையாகப் பணியில் உள்ளோருக்காக அமைந்தவை. அவை பெரும்பாலும் படைத்தளங்களை ஒட்டியே உள்ளன. ஓய்வு பெற்றவரோ தம் சொந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறார். பதினைந்து ஆண்டுப் பணியிலேயே ஓய்வூதியத் தகுதி பெறும் சிப்பாய், நாற்பது வயதுக்கு முன்பே ஊர் திரும்புவதும் உண்டு. எஞ்சிய நெடிய வாழ்நாளில் அவருக்கும் அவர் குடும்பத்திற்கும் மருத்துவ வசதி எங்குக் கிடைக்கும் என்பதே கேள்வி.

திட்டத்தின் தோற்றமும் அமைப்பும்

இக்குறையை நீக்கவே, முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1 ஆம் நாள் தொடங்கப்பட்டது. இ.சி.எச்.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் இத்திட்டம், மத்திய அரசு ஊழியர்க்கான சுகாதாரத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. தொடக்கத்தில் 227 பாலிகிளினிக்குகள் அனுமதிக்கப்பட்டன. 2010 இல் மேலும் 199 சேர்க்கப்பட்டன.

உறுப்பினர் ஒருமுறை மட்டும் தம் படிநிலைக்கேற்பப் பங்குத்தொகை செலுத்துகிறார். 2017 டிசம்பரில் வகுக்கப்பட்ட விகிதப்படி, சிப்பாய் முதல் ஹவில்தார் வரையிலானோர்க்கு இது 30,000 ரூபாய். அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். போர் விதவையர்க்கும் போரில் உறுப்பிழந்தோர்க்கும் விலக்கு உண்டு.

பாலிகிளினிக்கில் மருத்துவ ஆலோசனை, அடிப்படைப் பரிசோதனை, பல் மருத்துவம், மருந்து ஆகியன கிடைக்கும். உயர் சிகிச்சை தேவைப்படின், அங்கிருந்து படை மருத்துவமனைக்கோ, பட்டியலில் இடம்பெற்ற தனியார் மருத்துவமனைக்கோ பரிந்துரைச் சீட்டு வழங்கப்படும். தனியார் மருத்துவமனைக்குரிய கட்டணத்தை நிர்ணயித்த விகிதத்தில் அரசே செலுத்துகிறது. அவசர நிலையில் பட்டியலில் இல்லாத மருத்துவமனையிலும் சேரலாம். எனினும் 48 மணி நேரத்திற்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் தெரிவித்தல் வேண்டும்.

எல்லையும் தூரமும்

திட்டத்தின் உரிமை எல்லோர்க்கும் ஒன்றே; அதனை அடையும் செலவு ஒன்றன்று. பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் எல்லைப் பகுதிகள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பாலக்காட்டின் கிழக்குப் பகுதியான சிற்றூர், கொழிஞ்சாம்பாறை ஆகியவை கணவாயின் சமவெளியில் அமைந்தவை. ஒருபுறம் பாலக்காட்டிலும் மறுபுறம் கோயம்புத்தூரிலும் பாலிகிளினிக்குகள் உள்ளன. பேருந்து வசதியும் போதியது. ஆனால், அதே மாவட்டத்தின் அட்டப்பாடியில் நிலைமை மாறுகிறது. அகளியிலிருந்து மண்ணார்க்காடு வழியாக மாவட்டத் தலைநகர் செல்வதைவிட, ஆனைகட்டி வழியாகக் கோயம்புத்தூர் செல்வதே அருகு.

இரயில் பாதையே இல்லாத இடுக்கியில் தூரம் மேலும் கடுமையாகிறது. மறையூர் மக்களுக்குச் சின்னாறு வழியாக இறங்கினால் உடுமலைப்பேட்டை. குமுளி மக்களுக்குக் கம்பம் வழியாகத் தேனி. தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தோட்டக் குடும்பங்களுக்கு இவ்வழிகள் வாணிகத்தாலும் உறவாலும் பழகியவை. 1956 இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது எல்லைக்கோடு வரையப்பட்டதேயன்றி, மக்களின் போக்குவரத்து மாறிவிடவில்லை.

நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்களுக்கு மருந்து மீண்டும் மீண்டும் பெறவேண்டும். மலையிலிருந்து இறங்கும் ஒவ்வொரு பயணத்திற்கும் பேருந்துக் கட்டணம், ஒரு நாள் கூலி, துணைக்கு வருபவரின் கூலி ஆகியன செலவாகின்றன. பங்குத்தொகை ஒருமுறைச் செலவு. தூரமோ தொடர் செலவு. இது அரசின் எந்தக் கணக்கிலும் தோன்றுவதில்லை. குடும்ப ஓய்வூதியத்தில் தனித்து வாழும் முதிய விதவை, இச்செலவைக் கருதி மருந்தையே நிறுத்திவிடக்கூடும். அதன் விளைவாக நோய் முற்றி மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அரசுக்கு ஏற்படும் செலவும் பன்மடங்காகும்.

செய்யத்தக்கவை

இது மத்திய அரசின் திட்டமாதலால் மாநில எல்லை இதற்குத் தடையாக வேண்டியதில்லை. உறுப்பினர் நாட்டின் எந்தப் பாலிகிளினிக்கிலும் சிகிச்சை பெறலாம். எனினும், தொடர்ந்து மருந்து பெறுவதற்குத் தாம் பதிவு செய்துள்ள பாலிகிளினிக்கே முதன்மையானது. எனவே பதிவு செய்யும்போதே, மாவட்டத்தைவிடப் பேருந்து வழியைக் கருதி முடிவு செய்தல் நன்று. இதனை முன்னாள் வீரர்க்கும் விதவையர்க்கும் தமிழிலும் மலையாளத்திலும் விளக்குவது மாவட்ட சைனிக் நல அலுவலகங்களின் பணியாதல் வேண்டும்.

இரண்டாவதாக, குறித்த நாட்களில் மலையூர்களுக்குச் செல்லும் நடமாடும் மருத்துவப் பிரிவு, சிதறி வாழ்வோர்க்குப் புதிய கட்டடத்தைவிடப் பயன் தரும். 2021 மே மாதம் தொடங்கப்பட்ட தொலைவழி மருத்துவ ஆலோசனை முறையை இதனுடன் இணைக்கலாம். ஆலோசனை தொலைபேசி வழி வரும், மருந்து வராது. ஆகவே ஊர்தி மருந்தையும் கொண்டு செல்லுதல் இன்றியமையாதது.

மூன்றாவதாக, எல்லைப்புறச் சிறு நகரங்களின் மருத்துவமனைகள் பட்டியலில் சேர முன்வர வேண்டுமாயின், அவற்றிற்குரிய தொகை காலத்தில் வழங்கப்படுதல் வேண்டும். நிலுவையைத் தாங்கும் வலிமை பெருநகர மருத்துவமனைக்கு உண்டு. முப்பது படுக்கை கொண்ட மருத்துவமனைக்கு இல்லை.

பாலிகிளினிக்குகளின் எண்ணிக்கை திட்டத்தின் வளர்ச்சியைக் காட்டும். அதன் பயனை அளக்கவோ, தொலைவிலுள்ள உறுப்பினர் மருந்து பெறுவதற்குச் செலவிடும் நேரத்தையும் பணத்தையும் கணக்கிடுதல் வேண்டும்.