கணவனின் நிர்ப்பந்தமும் குற்றவியல் சட்டமும்

கணவனின் முன்னிலையில் மனைவி குற்றம் புரிந்தால், அவனது நிர்ப்பந்தத்தினாலேயே அவள் அதைச் செய்தாள் என்று இங்கிலாந்தின் பொதுச் சட்டம் பல நூற்றாண்டுகளாக அனுமானித்து வந்தது. ராஜத் துரோகம், கொலை போன்ற கொடுங்குற்றங்களுக்கு இது பொருந்தவில்லை. ஏனையவற்றில், அவள் தன் விருப்பப்படியே செயல்பட்டாள் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்பைச் சார்ந்திருந்தது.

இவ்விதிக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. எழுத்தறிந்த ஆண்கள் மதகுருமார்க்குரிய சலுகையைக் கோரி, பல குற்றங்களில் மரண தண்டனையிலிருந்து தப்பினர். பெண்களுக்கு அவ்வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது. அச்சலுகை 1827இல் ஒழிக்கப்பட்டது. எனினும் அனுமானம் நீடித்தது. மனைவி கணவனுக்குக் கீழ்ப்பட்டவள் என்ற கருத்தே அதனைத் தாங்கி நின்றது.

1922இல், கணவனுடன் சேர்த்து மோசடிக் குற்றம் சாட்டப்பட்ட பெண்மணி ஒருவர் இவ்வனுமானத்தின் பயனாக விடுதலையானார். இது கண்டனத்துக்குள்ளாயிற்று. 1925ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 47ஆம் பிரிவின் வாயிலாக, அனுமானத்தை நீக்கியது. ஆனால் கணவன் உடனிருந்து நிர்ப்பந்தித்தான் என்று மனைவி மெய்ப்பித்தால் விடுபடலாம் என்னும் எதிர்வாதத்தை அது விட்டுவைத்தது. கணவனுக்கோ, மணம் புரியாமல் உடன் வாழும் பெண்ணுக்கோ இவ்வுரிமை இல்லை. இதனை ஒழிக்குமாறு சட்ட ஆணையம் 1977இல் பரிந்துரைத்தது. 2013இல் பொருளாதார அறிஞர் விக்கி பிரைஸ், கணவரின் வாகன வேகக் குற்றத்தைத் தாம் ஏற்ற வழக்கில் இவ்வாதத்தை எழுப்பித் தோல்வியுற்றார். மறு ஆண்டே நாடாளுமன்றம் அதனை அகற்றியது.

ஆயினும் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. எஞ்சியுள்ள பொதுவான அச்சுறுத்தல் எதிர்வாதத்திற்கு, உயிருக்கோ உடலுக்கோ கடும் தீங்கு நேரும் என்ற மிரட்டல் தேவை. நெருங்கிய உறவில் ஒருவரைத் தொடர்ந்து அடக்கி ஆள்வதை 2015ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. அவ்வாறு அடக்கப்பட்டவர் குற்றம் புரிய நேர்ந்தால், அது மட்டும் எதிர்வாதம் ஆவதில்லை.

இந்தியாவில் 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் மனைவிக்கெனத் தனி அனுமானம் எதையும் ஏற்கவில்லை. 94ஆம் பிரிவு இருபாலருக்கும் பொதுவானது. கொலையும், மரண தண்டனைக்குரிய அரசுக்கு எதிரான குற்றங்களும் நீங்கலாக, உடனடி மரண அச்சம் இருந்தால் மட்டுமே அது காத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 32ஆம் பிரிவும் அதே அளவுகோலைக் கொண்டுள்ளது. மாறாக, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மனவழியும் பொருளாதார வழியுமான கொடுமைகளையும் வன்முறையாக ஏற்கிறது. கணவனின் மிரட்டலுக்கு அஞ்சிப் பொய்ப் பத்திரத்தில் கையொப்பமிடும் பெண், ஒரு சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவர். மற்றொன்றின்படி குற்றவாளி ஆகக்கூடும்.

மனைவி என்னும் நிலையைக் கொண்டு சலுகை தருவது சமத்துவத்துக்கு ஒவ்வாது. அதனைக் கைவிட்டது சரியே. உண்மையில் நிர்ப்பந்திக்கப்பட்டவர் ஆணாயினும் பெண்ணாயினும், அதனைச் சான்றுகளால் நிலைநாட்ட வாய்ப்பளிப்பதே சீர்திருத்தத்தின் எஞ்சிய பணியாகும்.