வலென்சியாக்காரருக்கு எதற்குப் பயேயா?

கேள்வி: ஸ்பெயினின் வலென்சியாவில் இருந்து மகனின் கூட்டாளி குடும்பத்தோடு வருகிறார். அவர்களுடைய பயேயாவையே சமைத்துக் கொடுக்கலாமா?
– வாசகி, தன்னாமுனை

பதில்: வேண்டவே வேண்டாம். வலென்சியாவின் பழைய பயேயா கோழி, முயல், அவரை போட்ட சோறு. அதில் இறாலைக் கண்டாலே முகம் சுளிப்பவர்கள் அங்கே உண்டு. அந்த வம்பு உங்களுக்கு எதற்கு?

அவர்களும் வாவிக்கரைச் சனம்தான். நகருக்குத் தெற்கே அல்புஃபேரா வாவி, சுற்றிலும் நெல்வயல். விலாங்கு மீனை உள்ளி தூக்கலாகக் கறியாக்குவார்கள். ஆகவே உங்கள் வாவி நண்டையே முருங்கை இலை போட்டுக் காய்ச்சுங்கள். கூடவே புட்டும் இறால் சொதியும். உறைப்பை மட்டும் பாதியாகக் குறையுங்கள். கடைசியில் எருமைத் தயிரைச் சட்டியோடு மேசைக்குக் கொண்டுவந்து, ஆடை கலையாமல் கரண்டியால் வெட்டிப் போட்டு, கித்துள் பாணி ஊற்றுங்கள். பேச்சு நின்றுவிடும்.

குடிக்க? அவர்கள் ஊரில் ஓர்ச்சாத்தா பிரபலம்: கோரை இனச் செடியின் கிழங்கை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, சீனி சேர்த்துக் குளிரவைத்த பால். இங்கே இளநீர் இருக்க வேறென்ன வேண்டும்?

இன்னொன்று: ஸ்பெயினில் மதியச் சாப்பாடு 2 மணிக்கு, இரவுச் சாப்பாடு 9 மணிக்கு மேல். 12 மணிக்கே சோற்றைப் போட்டுவிட்டு, ஆறிப்போகிறதே என்று கவலைப்படாதீர்கள்.