‘கரப்ஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்

‘கரப்ஷன்’ என்றால் பொருள் யாது என வினவினால், பிள்ளைகள் ‘லஞ்சம்’ என்று உடனே விடை எழுதிவிடுகின்றனர். அவ்விடை பிழையன்று, ஆயினும் அது மரத்தின் ஒரு கிளையே. வேரினை நாம் நோக்குவோம்.

இலத்தீன் மொழியில் ‘ரும்பெரே’ என்னும் வினைக்கு முறித்தல், உடைத்தல் என்பது பொருள். ‘முற்றும்’ என்னும் கருத்தைத் தரும் முன்னொட்டு அதனோடு சேர, முற்றாக உடைத்துக் கெடுத்தல் என்னும் பொருளில் ‘கொர்ரும்பெரே’ பிறந்தது. குறுக்கிடுதலைச் சொல்லும் ‘இன்டரப்ட்’, எரிமலை வெடித்தலைச் சொல்லும் ‘இரப்ட்’, நொடித்துப் போனவரைச் சொல்லும் ‘பேங்க்ரப்ட்’ ஆகியவற்றிலும் இவ்வேரே உள்ளது. பேருந்து செல்லும் ‘ரூட்’ கூட, உடைத்துத் திறந்த வழி என்னும் பொருளில் இதன் உறவினரே!

பண்டைய வழக்கில் இச்சொல் பணத்தை மட்டும் குறித்ததன்று. அரிஸ்டாட்டிலின் ஒரு நூல் இலத்தீனில் ‘தோற்றமும் கரப்ஷனும்’ என்று பெயர் பெற்றது. அங்கே அது பொருள்களின் அழிவு மட்டுமே. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் உடல் அழிதலையும் இச்சொல் குறிக்கின்றது. படியெடுப்போர் கையில் சிதைந்த ஏட்டுப் பாடத்தையும் ஆங்கிலப் புலவர் இவ்வாறே அழைப்பர். சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றிய உ. வே. சாமிநாத ஐயர் பல ஏடுகளை ஒப்புநோக்கித் திருத்தியதும் இத்தகைய சிதைவுகளையே.

நம் மனத்தை வருத்தும் வழக்கு ஒன்றுண்டு. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் ‘இரத்தத்தின் கரப்ஷன்’ என்றொரு தண்டனை இருந்தது. அரச துரோகம் போன்ற பெருங்குற்றத்திற்காகத் தீர்ப்புப் பெற்றவனுடைய குருதி கெட்டுவிட்டதாகக் கருதி, அவன் மக்களுக்கு வாரிசுரிமையை மறுத்தனர். தந்தையின் வழியே பாட்டனாரின் சொத்தையும் பேரன் கோர இயலாது. குற்றமே அறியாத குழந்தையைத் தண்டித்த அச்சட்டமன்றோ உண்மையில் கெட்டுப்போனது! 1787இல் வரைந்த அமெரிக்க அரசியலமைப்பு, துரோகக் குற்றத்திற்கு இவ்விளைவு கூடாதென விலக்கியது. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அது ஒழிந்தது.

1887இல் ஆக்டன் பிரபு, பாதிரியாரும் வரலாற்றாசிரியருமான கிரைட்டனுக்கு எழுதிய கடிதத்தைப் பலரும் மேற்கோள் காட்டுவர். அதிகாரம் மனிதனைக் கெடுக்க முனைகிறது என்பதே அவர் கருத்து. ‘முனைகிறது’ என்பதை விட்டுவிட்டுச் சொல்வோரே மிகுதி. போப்புகளையும் மன்னர்களையும் வரலாற்றாசிரியர் சலுகையோடு மதிப்பிடலாகாது என்பதற்காக அவர் அதை எழுதினார். அங்கே பேசப்படுவது குணக்கேடு, கையூட்டு அன்று.

நம் நாட்டில் 1947இலும் பின்னர் 1988இலும் இயற்றிய தடுப்புச் சட்டங்களின் பெயரிலேயே இச்சொல் அமைந்தமையால், லஞ்சப் பொருளே மேலோங்கியது. தமிழில் நாம் வழங்கும் ‘ஊழல்’ என்பதும் அவ்வாறே குறுகிற்று. ‘ஊழ்த்தல்’ என்னும் வினைக்குப் பதனழிதல் என்றும் பொருளுண்டு. பிள்ளைகளுக்கு இவ்விரு சொற்களையும் கற்பிக்கும்போது, முதலில் கெட்டுப்போன பழத்தைக் காட்டி, லஞ்சத்தைப் பிறகு சொல்லுங்கள்.