கியா பார்ம் மேட்டில் ஒரு டயர்க் கணக்கு

பிரிஞ்சாங்கிலிருந்து திரிங்காப் செல்லும் மலைச்சாலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது கியா பார்ம். சாலையோரக் காய்கறிச் சந்தையால் சுற்றுப்பயணிகளுக்கு நன்கு அறிமுகமான சிற்றூர் இது. இதனருகே பிரியும் ஒடுங்கிய கிளைச்சாலை சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்கும், அதையும் தாண்டி 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பிரிஞ்சாங் மலை உச்சிக்கும் செல்கிறது. விடுமுறை நாள்களில் இங்கு வாகனங்கள் ஊர்ந்துதான் நகரும். அந்த நெரிசலுக்கு நடுவே, முட்டைக்கோஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டு ஒரு பழைய லேண்ட் ரோவர் இருமியபடி மேடேறுவதைக் காணலாம். வண்டியின் வண்ணம் மங்கியிருக்கும். கதவு சரியாக மூடாது. ஆனால், அதன் டயர்கள் கவனிக்கத்தக்கவை. அவை உயரமானவை, அதே வேளையில் ஒல்லியானவை.

பக்கத்திலேயே புத்தம் புதிய நான்கு சக்கர இயக்க வாகனம் ஒன்று நிற்கும். அதன் டயர்கள் அகலமானவை. சில வேளைகளில் சக்கரக் கூண்டை விட்டு வெளியே பிதுங்கிக்கொண்டும் இருக்கும். பார்ப்பதற்கு மிடுக்குதான். எனினும், மழையில் நனைந்த தோட்டப் பாதையில் அந்த மிடுக்கு எவ்வளவு உதவும்?

லேண்ட் ரோவர் 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. பிரிட்டனின் ரோவர் நிறுவனம் அதனை முதன்மையாகப் பயிர்த்தொழிலுக்காகவே உருவாக்கியது. அதன் குட்டையான வகைகளுக்கு 6.00-16 என்ற அளவுள்ள டயர்களும், நீளமான வகைகளுக்கு 7.50-16 என்ற அளவுள்ள டயர்களும் பொருத்தப்பட்டன. இதில் முதல் எண் டயரின் அகலத்தையும் இரண்டாம் எண் அது பொருந்தும் ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. அக்காலத்து டயர்களின் பக்கச்சுவர் உயரம் ஏறக்குறைய அகலத்துக்குச் சமமாகவே இருந்தது. ஆகவே, 7.50-16 டயரின் மொத்த உயரம் 7.5 + 16 + 7.5 என்ற கணக்கில் 31 அங்குலம் வரும். உண்மையில் அதைவிடச் சற்றே கூடுதல். 6.00-16 டயருக்கு இதே கணக்கில் 28 அங்குலம்.

இக்காலத்து டயர்களில் குறியீடு மாறிவிட்டது. ஒரு டயரின் பக்கச்சுவரில் 265/65 ஆர் 17 என்று பொறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். நம் நாட்டில் ஓடும் ஹைலக்ஸ் வாகனங்கள் பலவற்றில் இந்த அளவைக் காணலாம். 265 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 65 என்பது நீளமோ உயரமோ அன்று, அது விழுக்காடு. பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு என்பதே அதன் பொருள். அதாவது, ஏறக்குறைய 172 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்ற எழுத்து டயரின் உள்ளிழைகள் ஆரப்போக்கில் அமைந்துள்ளதைக் காட்டுகிறது. 17 என்பது மட்டும் இன்னும் அங்குலத்திலேயே நிற்கிறது. ஒரே வரியில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் என மூன்று வகை எண்கள்! டயர் வாங்கச் செல்வோர் குழம்புவதில் வியப்பில்லை.

இந்த டயரின் மொத்த விட்டத்தைக் கண்டறிவது எளிது. 17 அங்குலம் என்பது 431.8 மில்லிமீட்டர். மேலும் கீழும் உள்ள பக்கச்சுவர்களைச் சேர்த்தால் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக ஒருவர் 285/70 ஆர் 17 அளவுள்ள டயரைப் பொருத்த விரும்புகிறார் என்போம். அதன் விட்டம் ஏறக்குறைய 831 மில்லிமீட்டர். வேறுபாடு 55 மில்லிமீட்டர். ஆனால், தரையிலிருந்து வாகனத்தின் அச்சு உயர்வது அதில் பாதிதான்; 27 மில்லிமீட்டர், அதாவது ஒரு பெருவிரல் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல். பாதையின் நடுவே துருத்தி நிற்கும் கல்லை இடிக்காமல் கடக்க அந்த உயரம் சில நேரம் போதும். வில்லடுக்கை உயர்த்தினால் உடற்பகுதி மேலே போகும். அச்சின் நடுவில் தொங்கும் பற்சக்கரப் பெட்டியோ அதே இடத்தில்தான் இருக்கும். அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். ஆகவே, பெரிய டயரைத் தேடுவோரின் ஆசையில் நியாயம் இல்லாமலில்லை.

அந்த 27 மில்லிமீட்டருக்கு வாகனம் கொடுக்கும் விலையையும் கணக்கிட வேண்டும். விட்டம் 7 விழுக்காடு கூடினால் சுற்றளவும் 7 விழுக்காடு கூடும். சக்கரம் ஒருமுறை சுழலும்போது முன்னைவிட அதிகத் தொலைவு செல்லும். வேகமானி மணிக்கு 100 கிலோமீட்டர் என்று காட்டும்போது வாகனம் உண்மையில் 107 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடும். மலைச்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் யாரும் போகப்போவதில்லை, போகவும் கூடாது. அங்கே இழப்பு வேறு வகையானது. இயந்திரம் தரும் முறுக்குவிசை மாறாதிருக்க, சக்கரத்தின் ஆரம் மட்டும் நீளும்போது தரையைத் தள்ளும் விசை குறைந்துவிடும். மேடேறும்போது கியரை ஒருபடி குறைத்துச் சமாளித்துவிடலாம்.

இறக்கத்தில்தான் சிக்கல். பிரிஞ்சாங் மலை உச்சியிலிருந்து இறங்கும் வாகனத்தை, தாழ்ந்த கியரில் இயந்திரமே பிடித்து நிறுத்தி இறக்க வேண்டும். பெரிய டயர் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. பிரேக்கின் வட்டும் கட்டையும் பழையவையே. அவை இப்போது நீண்ட ஆரமும் கூடுதல் எடையும் கொண்ட சக்கரத்தை நிறுத்தியாக வேண்டும். ஒருபுறம் தேயிலைச் சரிவு, எதிரே ஆள்களை ஏற்றிவரும் தோட்டத்து லோரி, வளைவுக்கு அப்பால் என்ன என்று தெரியாத பாதை. அத்தகைய இடத்தில் 7 விழுக்காடு சிறிய எண்ணன்று. பழைய லேண்ட் ரோவர்களோ பின் அச்சுத்தண்டு முறிவதற்குப் பெயர் போனவை. அவற்றுக்கு அளவுக்கு மீறிய டயரை மாட்டுவது வயதானவர் தோளில் மூட்டையை ஏற்றுவது போன்றது.

உயரத்தைப் பற்றிய கணக்கு இது. அகலத்தைப் பற்றிய வாதம் இன்னும் சூடானது. அகலமான டயர் மண்ணில் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகின்றனர். அது எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. கேமரன் மலையின் பெரும்பகுதி கருங்கல் பாறையால் ஆனது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் பகுதி இது. தோட்டப்புறத்தார் மண்சடக்கு என்று அழைக்கும் பாதைகளில், மழை நாளில் மேலே சில அங்குலம் குழைந்த களிமண் இருக்கும். பெரும்பாலான இடங்களில் அதனடியில் இறுகிய மண்ணும் கல்லும் இருக்கும். ஒல்லியான டயர் குழைந்த சேற்றைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொட்டுவிடும். பிடிப்பும் அங்கேதான் கிடைக்கிறது. அகலமான டயர் சேற்றின் மேலேயே மிதந்து வழுக்கும். சக்கரம் வீணாகச் சுழலச் சுழலப் பாதையும் கிழிபடும்; கிழிந்த தடத்தில் அடுத்த மழை ஓடையாக ஓடும். லேண்ட் ரோவரின் உயரமான, ஒல்லியான டயர் இந்த மலையில் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு விலை மட்டும் காரணமன்று.

கடற்கரை மணலில் நிலைமை தலைகீழ். அங்கே எவ்வளவு ஆழம் அறுத்தாலும் கெட்டித் தரை கிடைக்காது, மிதப்பதே வழி. அடி காணாத சதுப்பிலும் அப்படித்தான். கேமரன் மலையிலேயே புதிதாக வெட்டி நிரப்பிய மண்மேடுகளில் ஒல்லியான டயர் புதைந்துவிடுவதுண்டு. ஆக, ‘எது சிறந்த டயர்?’ என்று கடையில் கேட்பதற்கு முன் ‘அடியில் என்ன இருக்கிறது?’ என்று பாதையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

டயரை மாற்றாமலேயே அதன் தடத்தைப் பெரிதாக்கும் வழியும் உண்டு. காற்றைக் குறைப்பதே அது. ஒரு சக்கரம் 500 கிலோகிராம் சுமையைத் தாங்குவதாகக் கொள்வோம். காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ இருக்கும்போது, பக்கச்சுவரின் விறைப்பைக் கணக்கில் சேர்க்காவிட்டால், டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 200 சதுரச் சென்டிமீட்டர். அழுத்தத்தை 20 பிஎஸ்ஐ-க்குக் குறைத்தால் அப்பரப்பு 350 சதுரச் சென்டிமீட்டரைத் தாண்டும். ஒரு காசும் செலவில்லை! இந்தக் கூடுதல் பரப்பு பெரும்பாலும் நீளவாக்கில் கிடைப்பதால், டயர் ஒரு குட்டிப் பட்டைச் சக்கரம்போல் தரையை அணைத்துக்கொள்கிறது. கற்களின் மேல் ஏறும்போது நெளிந்தும் கொடுக்கிறது.

நெளிவதற்குப் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். 265/65 ஆர் 17 டயரும் 265/60 ஆர் 18 டயரும் மொத்த விட்டத்தில் ஏறக்குறைய ஒன்றே; ஒரு மில்லிமீட்டர்தான் வேறுபடும். ஆயினும், இரண்டாவதில் ரிம் பெரியது. அதனால் பக்கச்சுவர் 159 மில்லிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. 7.50-16 டயருக்கு இக்காலத்தில் ஈடாக விற்கப்படும் 235/85 ஆர் 16 டயரின் பக்கச்சுவரோ ஏறக்குறைய 200 மில்லிமீட்டர். பளபளக்கும் பெரிய ரிம் தார்ச்சாலைக்கு அழகு. கல்லில் மோதினால் முதலில் வளைவதும் அதுவே.

காற்றைப் பற்றிப் பேசும்போது ஒரு வேடிக்கையான செய்தியையும் சொல்லலாம். தாப்பாவில் 35 பிஎஸ்ஐ காற்றடித்துக்கொண்டு கியா பார்ம் வந்தால் அளவு மாறுமா? உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி ஏறத்தாழ இரண்டரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால், மலைக்குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அடிவாரத்தைவிட டயர் 14 பாகை குளிர்ந்தால் இரண்டு பிஎஸ்ஐ-க்குச் சற்று மேல் குறையும். ஆக, சிறிது நேரம் நிறுத்திக் குளிரவிட்டு அளந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

அளவுக்கு அடுத்து வரும் எண்ணையும் படிக்க வேண்டும். 235/85 ஆர் 16 டயர்கள் பலவற்றில் 120/116 என்றும் அதனருகே ‘க்யூ’ என்னும் ஆங்கில எழுத்தும் இருக்கும். 120 என்பது தனிச் சக்கரமாக 1,400 கிலோகிராம் தாங்கும் என்பதற்கான குறியீடு. ‘க்யூ’ மணிக்கு 160 கிலோமீட்டர் என்ற வேக வரம்பு. 112 என்றிருந்தால் 1,120 கிலோகிராம்தான். அளவு பொருந்தினாலும் சுமைக் குறியீடு தாழ்ந்த டயரைப் பொருத்திக் காய்கறி ஏற்றுவது ஆபத்து. சக்கரம் உடற்பகுதிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையின் தண்டனைக்கும் ஆளாக நேரிடும்.

மேலும், நான்கு சக்கரங்களும் ஒரே அளவில் இருப்பது இவ்வகை வாகனங்களுக்குக் கட்டாயம். முன்னச்சும் பின்னச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படும்போது அவை ஒரே வேகத்தில் சுழல வேண்டும். பணம் போதவில்லை என்று பின்னால் மட்டும் பெரிய டயரை மாட்டினால், இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கிப் பற்சக்கரங்களைத் தின்றுவிடும். பின்கதவில் தொங்கும் ஐந்தாவது டயரையும் பலர் மறந்துவிடுகின்றனர். அதுவும் அதே அளவில் இருக்க வேண்டும். இல்லையேல் மலை நடுவில் டயர் வெடிக்கும் நாளில் அது வெறும் அலங்காரப் பொருள்தான்.

மாலையில் மழை விட்டதும், காற்றைக் குறைத்துக்கொண்டு மண்சடக்கில் இறங்கிய வாகனங்கள் ஒவ்வொன்றாகத் தார்ச்சாலைக்குத் திரும்பும். விவரமறிந்த ஓட்டுநர் உடனே விரைந்து போய்விடுவதில்லை. குறைந்த காற்றோடு வேகமாகச் சென்றால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். வளைவில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றும் போகலாம். ஆகவே, அவர் வண்டியை ஓரங்கட்டி, இருக்கைக்கு அடியிலிருந்து காற்றடிக்கும் பம்பை எடுக்கிறார். கூடையில் முட்டைக்கோஸ் காத்திருக்கிறது. ஒவ்வொரு டயராக 35 பிஎஸ்ஐ வரும்வரை அவர் அளவியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.