எச்.ஐ.வி. உடையோரும் நமது கடமையும்

நமது கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து புதிதாக ஒரு பையன் வந்து சேர்ந்தால், அவன் யார் வீட்டுப் பிள்ளை, எந்தத் தெரு என்பதெல்லாம் அன்று மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்நிய மண்ணில் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்க இவ்வழக்கம் உதவியதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதே வழக்கம் ஒரு மனிதரை எவ்வளவு தூரம் வதைக்கக்கூடும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், மலேசியாவில் நமக்குத் தெரிந்த ஒரு கடையில், சிப்பந்தி ஒருவருக்கு வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிய வந்தது. மறுநாள் காலையில் அவருடைய தேநீர்க் கோப்பை தனியே வைக்கப்பட்டது. அதற்கடுத்த நாள் அவருடைய பாய் கடையின் பின்கட்டுக்குப் போயிற்று. எவரும் அவரைத் திட்டவில்லை; எவரும் அவரோடு பேசவுமில்லை. பரிசோதனையில் தேறாதவர் நாடு திரும்ப வேண்டும் என்பது இங்குள்ள விதி. அவர் விமானமேறுமுன்னரே செய்தி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. அவருடைய மனைவி அதைக் கணவர் வாயால் கேட்கவில்லை. குழாயடியில் பிறர் வாயால் கேட்டார்.

சகோதரர்களே, அந்தக் கோப்பையைப் பற்றி முதலில் பேசுவோம்.

இக்கிருமி இரத்தத்தின் மூலமும், உடலுறவின் மூலமும், ஒருவர் போட்ட ஊசியை மற்றவர் போட்டுக்கொள்வதாலும், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் தாயிடமிருந்து பிள்ளைக்கும் செல்வது. கோப்பையால் வராது. ஒரே சஹனில் நால்வர் அமர்ந்து உண்பதால் வராது. கை கொடுப்பதால், ஒரே ஹவுளில் ஒளுச் செய்வதால், தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பதால், இருமலால், கொசுக்கடியால் வராது. சவர பிளேடை மட்டும் பொதுவில் வைக்கலாகாது. அது இந்நோய்க்காக மட்டுமன்று. ஈரல் அழற்சிக் கிருமிகளும் அவ்வழியே வரும். கடைப் பையன்கள் பத்துப் பேர் தங்குமிடத்தில் ஒரே பிளேடு சுற்றி வருவதை முதலாளிமார்கள் போய்ப் பார்த்தால் நலம்.

கொள்ளை நோய் கண்ட ஊருக்குள் செல்லாதிருப்பது மார்க்கம் கற்பித்ததல்லவா, ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியிலிருந்து திரும்பவில்லையா என்று ஒரு நண்பர் நம்மிடம் வாதாடினார். வாஸ்தவம். அது அருகில் இருப்பதாலேயே தொற்றும் நோய்க்குரிய எச்சரிக்கை. அருகில் இருப்பதால் தொற்றாத நோய்க்கு அதை எடுத்துப் பேசுவது, துணிக்குரிய முழக்கோலால் எண்ணெயை அளப்பது போன்றது.

பயத்துக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1981இல் அமெரிக்காவில் இந்நோயைப் பற்றிய முதல் அறிக்கை வெளியாயிற்று. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் முயற்சியால் இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே 1986இல்தான் மலேசியாவிலும் முதல் நோயாளி கண்டறியப்பட்டார். அன்று இதனைக் கட்டுப்படுத்தும் மருந்து இல்லை. 1996 முதல் கூட்டு மருந்துகள் வந்து நிலைமையை மாற்றிவிட்டன. இன்று பலருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும். காலத்தோடு மருந்தைத் தொடங்கி, விடாமல் சாப்பிடுபவர் மற்றவர்களைப் போலவே நெடுநாள் வாழ்ந்து உழைக்கலாம். கிருமி முற்றிலும் போய்விடாது; ஆனால் இரத்தச் சோதனையில் தென்படாத அளவுக்குக் குறைந்து அந்நிலையிலேயே நின்றால், உடலுறவின் மூலமும் அது பிறருக்குச் செல்வதில்லை. தாயிடமிருந்து பிள்ளைக்குச் செல்வதை மலேசியா தடுத்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2018இல் சான்றளித்தது. மருந்து இத்தனை தூரம் வந்துவிட்டது. நம்முடைய பயம் 1986லேயே உட்கார்ந்திருக்கிறது.

இனி, நாம் கேட்கும் முதற் கேள்வியைப் பார்ப்போம்: "இது அவனுக்கு எப்படி வந்தது?" நம்மில் இனிப்பு நீர் உள்ளவர்கள் அநேகர். நாளைக்கு எத்தனை தேத்தண்ணீர், எத்தனை கரண்டி சீனி என்று கேட்டு யாரும் அவர்களைத் தள்ளி வைப்பதில்லை. இங்கே மட்டும் நாம் காஜியாகிவிடுகிறோம். கணவனிடமிருந்து பெற்ற மனைவியரும், தாயிடமிருந்து பெற்ற பிள்ளைகளும் இவர்களில் உண்டு. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று சொல்லி மற்றவர்களைக் கைவிடுவதும் நமக்குச் சம்மதமில்லை. ஒருவர் தவறியிருந்தால், அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் உள்ள கணக்கு. நமது பேரேட்டில் அதற்குப் பத்தி கிடையாது.

நமது கணக்கு வேறு. ஒருவர் பயணம் போகையில் நகையை நம்மிடம் கொடுத்துவிட்டுப் போனால், அதை மனைவிக்குக்கூடக் காட்டாமல் பெட்டியில் பூட்டும் பரம்பரை நாம். மருத்துவச் சீட்டில் நாம் கண்ட செய்தியும் அத்தகைய அமானிதமே. அதை ஊருக்குத் தொலைபேசியில் சொன்னவர், பூட்டிய பெட்டியைத் திறந்தவராவார்.

மனைவிக்குத் தெரிய வேண்டாமா என்றால், கட்டாயம் தெரிய வேண்டும்; அவரும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் சொல்ல வேண்டியவர் கணவர். அதற்குத் துணை நிற்க மருத்துவரும் ஆலோசகரும் இருக்கிறார்கள். முதலாளி செய்யவேண்டியது, சம்பள பாக்கியை முழுதும் கொடுத்து, டிக்கெட் எடுத்துக் கொடுத்து, ஊரில் மருந்து உண்டு என்பதை அவர் காதில் போட்டு அனுப்புவது. 2004 ஏப்ரல் முதல் இந்திய அரசு இம்மருந்துகளை இலவசமாக வழங்குகிறது; அன்று தொடங்கிய நிலையங்களுள் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று. இதை அறியாமல் தலை கவிழ்ந்து விமானமேறுபவருக்கு, இந்த ஒரு வரியே பெரிய உதவி.

இந்நாட்டுப் பிரஜையாகிய சிப்பந்தியாயின், அவரை வேலையிலிருந்து நீக்கக் காரணமே இல்லை. ரொட்டி போடுபவரானாலும் சரி, கல்லாவில் அமர்பவரானாலும் சரி. 2001இல் மலேசியத் தொழிலிடங்களுக்கென வெளியான நடைமுறை நெறியும் பாகுபாடு கூடாது, இரகசியம் காக்க வேண்டும் என்றே கூறுகிறது. மாதமொரு முறையோ, சில மாதங்களுக்கொரு முறையோ மருத்துவமனைக்குப் போக அரைநாள் விடுப்புக் கேட்பார். ஏன், எதற்கு என்று நாலு பேர் முன்னிலையில் கேளாமல் கொடுத்துவிடலாம்.

ஜனாஸா விஷயம் ஒன்று பாக்கி. இந்நோயுடன் மௌத்தானவரைக் குளிப்பாட்ட ஆள் கிடைக்காமல் வீட்டார் தவித்த செய்தி நம் காதுக்கும் எட்டியது. குளிப்பாட்டுபவர் கையுறை அணிந்து, மேலங்கி கட்டி, தம் கையில் காயமிருந்தால் மூடிக்கொண்டால் போதும். எந்த ஜனாஸாவுக்கும் இதே முறைதான் நன்று. ஏனெனில் யாருக்கு என்ன இருந்தது என்று நமக்குத் தெரியப் போவதில்லை, தெரிய வேண்டியதுமில்லை. குளிப்பாட்டும் சாமான்கள் இருக்கும் அலமாரியில் இரண்டு பெட்டி கையுறை வாங்கி வைப்பதற்கு ஆகும் செலவு அற்பம். அன்பர்கள் யாரேனும் ஏற்றுக்கொள்வதாயின் காரியதரிசியிடம் தெரிவிக்கலாம்.